மறைபுள்ளி இல்லாத காடு: 'பாம்பி' திரைப்படத்தின் கருத்துரு ஓவியங்களில் தொலைத்தோற்றமும் காட்சியமைப்பும்

முன்னுரை

அசைவூட்டப் படங்களுக்குரிய கருத்துரு ஓவியத்தைக் கற்போர் பெரும்பாலும் முதலில் பயில்வது கோட்டுத் தொலைத்தோற்றம் ஆகும். இணைகோடுகளைத் தொடுவானத்தில் ஒரு மறைபுள்ளியை நோக்கிக் குவிக்கும் இம்முறை, 15ஆம் நூற்றாண்டுப் புளோரன்சில் புருனெல்லெஸ்கியின் சோதனைகளில் உருப்பெற்று, 1435இல் ஆல்பெர்ட்டியின் ஓவிய நூலில் இலக்கணமாக வகுக்கப்பட்டது. தெருவையும் மண்டபத்தையும் வரைவதற்கு இது இன்றியமையாதது. நேர்கோடுகள் அரிதான காட்டிற்கு இது எவ்வளவு பயன்படும் என்பதை, டிஸ்னியின் 'பாம்பி' (1942) திரைப்படத்திற்கு டைரஸ் வோங் வரைந்த கருத்துரு ஓவியங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மிகை விவரத்தின் இடர்

'ஸ்நோ ஒயிட்' (1937) படத்தின் காட்டில் இலையும் பட்டையும் நுணுக்கமாகத் தீட்டப்பட்டுள்ளன. வண்ண ஆடை அணிந்த மனித உருவம் அதில் தனித்துத் தெரியும். பழுப்பு நிற மான்குட்டியோ அத்தகைய பின்னணியில் கரைந்துவிடும். 'பாம்பி'யின் தொடக்கநிலைப் பின்னணிகளில் இவ்விடரே எழுந்தது.

சீனாவின் குவாங்டாங்கில் 1910இல் பிறந்த வோங், 1938இல் டிஸ்னியில் இடைநிலைச் சட்டகங்களை வரைபவராகச் சேர்ந்தார். சோங் காலச் சீன ஓவியங்களில் தோய்ந்தவர் அவர். அவருடைய சிற்றோவியங்களில் விவரம் மானைச் சுற்றியே குவிகிறது. ஓரங்கள் மங்கிய வண்ணப் பூச்சாக நெகிழ்கின்றன. பார்வையை மானிடம் செலுத்துவது கோடன்று, ஒளியும் விடுபாடுமே.

ஆழத்தின் வேறொரு இலக்கணம்

11ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியர் குவோ ஷி, மலையை அடியிலிருந்து அண்ணாந்து காணல், முன்னிருந்து அதன் பின்புறத்தை ஊடுருவிக் காணல், அண்மை மலையிலிருந்து சேய்மை மலையைக் காணல் எனத் தொலைவை மூன்றாகப் பகுத்தார். இப்பகுப்பு ஒரே இடத்தில் நிலைத்த கண்ணை வேண்டுவதில்லை. 'பாம்பி'யில் கையாளப்பட்ட பல்தளக் கேமராவுக்கு இப்பார்வை இயைபுடையது. வெவ்வேறு தொலைவில் அடுக்கப்பட்ட ஓவியத் தளங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் அங்கு ஆழம் பிறக்கிறது. ஒரு தளத்தில் இறுக்கமாக வரையப்பட்ட குவிகோடுகள், தளங்கள் விலகும்போது பிற தளங்களோடு பொருந்தாமற்போகும். மங்கிய மூடுபனி அவ்விலகலைத் தாங்கிக்கொள்ளும்.

இதனால் கோட்டுத் தொலைத்தோற்றம் தேவையற்றது என்றாகாது. மானின் குளம்புகள் தரையில் ஊன்றியிருப்பதாகத் தோன்றுவதற்குக் கண்மட்டக் கோடு பிழையற அமைதல் வேண்டும். வோங்கின் முறை நகரக் காட்சிக்கு அப்படியே பொருந்தும் என்றும் கூற இயலாது.

முடிவுரை

டிஸ்னியில் 1941இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை அடுத்து வோங் பணிநீக்கம் செய்யப்பட்டார். படம் முழுமைக்கும் காட்சித்தன்மையை அளித்த அவர், படத்தின் பெயர்ப்பட்டியலில் பின்னணி ஓவியர் பலருள் ஒருவராகவே இடம்பெற்றார். 2001இல்தான் அந்நிறுவனம் அவருக்கு 'டிஸ்னி லெஜண்ட்' சிறப்பை வழங்கியது. மூடுபனியையும் வெற்றிடத்தையும் கோட்டு இலக்கணத்திற்குப் பின்னர்ச் சேர்க்கப்படும் அழகூட்டலாகக் கருதும் பயிற்சிமுறையும் அப்பட்டியலின் பிழையையே மீளச் செய்கிறது. எதனை வரையாது விடுவது என்பதையும் தொலைத்தோற்றப் பாடத்தின் முதற்படியிலேயே கற்பித்தல் வேண்டும் என்பது இவ்வோவியங்களால் பெறப்படும் முடிவாகும்.