பென்னி வசூலில் பிறந்த வகுப்பு

மெதடிஸ்ட் இயக்கத்தின் கதையை 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஜான் வெஸ்லிக்கு வாய்த்த ஆன்மிக அனுபவத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். அல்லது மறு ஆண்டு பிரிஸ்டலில் அவர் வெட்டவெளியில் பிரசங்கித்ததிலிருந்து. ஆனால் பிரிஸ்டலை அடுத்த கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே முதலில் இறங்கியவர் வெஸ்லியின் சக பிரசங்கி ஜார்ஜ் வைட்ஃபீல்ட். பேச்சாற்றலிலும் அவரே ஒரு படி மேல். அப்படியிருந்தும் வெஸ்லி கட்டியதைப் போன்ற அமைப்பு எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. வெஸ்லியின் வெற்றிக்கான காரணம் பிரசங்கத்தில் இல்லை, ஒரு கடன் கணக்கில் இருக்கிறது என்பதே என் துணிபு.

1742 பிப்ரவரியில், பிரிஸ்டல் தொழுகைக் கூடத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழவே, பதினொரு பேரைத் தன் பொறுப்பில் விடும்படியும், அவர்களால் முடியாததைத் தானே ஈடுகட்டுவதாகவும் சொன்னார். இப்படி வசூலுக்குப் போனவர்கள் காசோடு வீட்டு நிலவரத்தையும் கொண்டுவந்தார்கள்: இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் சண்டை. ஆயிரக்கணக்கானோரைத் தனியொருவராகக் கவனிக்க முடியாமல் தவித்த வெஸ்லிக்கு வழி பிறந்தது. பன்னிரண்டு பேர் அளவில் வாரந்தோறும் கூடி, அவரவர் ஆன்ம நிலையைச் சொல்லும் வகுப்பு உருவானது. அதன் தலைவர்கள் குருப்பட்டம் பெறாதவர்கள். கைவினைஞர்களும் பெண்களும் அவர்களில் உண்டு. 1761இல் டெர்பியில் சாரா கிராஸ்பி நடத்திய வகுப்புக்கு இருநூறு பேர் திரண்டபோது, அவர் கூட்டத்தை நோக்கிப் பேசவேண்டியதாயிற்று. பெண் பிரசங்கிக்கு வாசல் திறந்தது கொள்கை அல்ல, நெரிசல்!

இதே வகுப்புதான் வேவு பார்க்கும் கருவியாகவும் ஆனது என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டு வழங்கப்பட்டது. சீட்டு மறுக்கப்பட்டவர் வெளியே. 1743இல் நியூகாசிலில் வெஸ்லி 64 பேரை நீக்கினார். குடிவெறிக்காக 17 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர். இவற்றில் தகராறு இல்லை. ஆனால் மிகப் பெரிய பிரிவான 29 பேர் மீது சாட்டப்பட்டது விளையாட்டுப்புத்தியும் அசிரத்தையும். இதற்கு அளவுகோல் ஏது? விரும்பிச் சேர்ந்தவர்கள்தானே, விலகவும் உரிமை உண்டே என்பது வெஸ்லி தரப்பின் பதில். அதில் நியாயம் உண்டு. கேட்க நாதியற்ற சுரங்கத் தொழிலாளிக்கு வாரந்தோறும் விசாரிக்க ஒருவர் கிடைத்தது சிறிய காரியமல்ல. விசாரிப்பைக் குறையாக நான் எண்ணவில்லை. விசாரித்தவர் மேலிடத்துக்குப் பதில் சொன்னார். மேலிடம் எவருக்கும் பதில் சொல்லவில்லை என்பதே குறை. வகுப்புத் தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் வெஸ்லி கையில். 1784ஆம் ஆண்டில் அவர் எழுதிய சட்டப் பத்திரமும் அவருக்குப் பின் அதிகாரத்தை நூறு பிரசங்கிகள் கொண்ட மாநாட்டுக்கே எழுதிவைத்தது.

இந்தக் குறை கற்பனையல்ல என்பதற்குச் சாட்சி உள்ளிருந்தே வந்தது. 1791இல் வெஸ்லி மறைந்தார். அந்த மாநாட்டில் சாதாரண உறுப்பினர்களுக்கும் இடம் கேட்ட பிரசங்கி அலெக்சாண்டர் கில்ஹாம் 1796இல் நீக்கப்பட்டார்; மறு ஆண்டு அவரும் ஆதரவாளர்களும் தனி அமைப்பு கண்டார்கள். அங்கே மாநாட்டில் பிரசங்கிகளோடு மற்றவர்களும் அமர்ந்தார்கள். வகுப்பை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. தாய்ச்சபையின் மாநாட்டில் அந்த இடம் கிடைக்க 1878 வரை ஆனது.