மதுவும் புகையும் மாணவர் வாழ்வும் – ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழக மாணவரிடையே நிலவும் மதுப்பழக்கம், புகைத்தல் ஆகியன குறித்து நம் சமூகத்தில் இருவகைப் பேச்சுக்களே பெரும்பாலும் கேட்கின்றன. ஒன்று, மூத்தோர் மேடைகளில் நிகழ்த்தும் அறவுரை. மற்றையது, மாணவர் தம்முள் கூறிக்கொள்ளும் சமாதானம். முன்னையது வேரை நோக்காது விளைவை மட்டும் கண்டிக்கின்றது. பின்னையது வேரைச் சுட்டுவதுபோலத் தோன்றி விளைவை மறைக்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே விமர்சனத்துக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1981ஆம் ஆண்டு மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலை வளாகத்தின் சூழலை மனங்கொண்டே இங்கு கருத்துக்கள் முன்வைக்கப்படுகின்றன.

சமாதானங்களுள் முதலாவது மரபு பற்றியது. 'சங்கச் சான்றோரே கள்ளுண்டனர். நாம் உண்டால் என்ன?' என்ற வினா தமிழ் பயில்வோரிடையே நகைப்பாகவும் சிலவேளை வீம்பாகவும் எழுவதுண்டு. அதியமான் தன்னிடமிருந்த கள்ளை ஔவையாரோடு பகிர்ந்துகொண்டான் என்று புறநானூறு கூறுவது உண்மையே. ஆனால் அது கையறுநிலைப் பாடல். இறந்த தலைவனின் ஈகையை எண்ணி இரங்குவது. அங்கு போற்றப்படுவது பகிர்ந்தளிக்கும் பண்பேயன்றி மயக்கம் அன்று. வள்ளுவரின் வைப்புமுறையும் இவ்விடத்து நோக்கற்பாலது. புலான்மறுத்தலை அறத்துப்பாலில் வைத்த அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் இடையே வைத்தார். கள்ளை ஒரு தனிமனிதனின் நோன்பு பற்றிய பிரச்சினையாக மட்டும் அவர் கொள்ளவில்லை. பொருளையும் மதிப்பையும் அழிக்கும் சமூகப் பிரச்சினையாகவே கண்டார் எனலாம்.

மேலும், இன்று தவறணையில் விற்கப்படும் சாராயம் அதியமானின் கள்ளினது நேர்வாரிசு அன்று. சாராயக் குத்தகையை அரசிறையின் முக்கிய ஊற்றாக வளர்த்தவர்கள் இந்நாட்டை ஆண்ட ஐரோப்பியரே. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் அவ்வருவாயை மேலும் ஒழுங்குபடுத்தியபோது, அதற்கெதிராக எழுந்த மதுவிலக்கு இயக்கம் தேசிய விழிப்புணர்ச்சியின் ஒரு கூறாயிற்று. அவ்வியக்கத்தில் முன்னின்ற எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க ஆகியோர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டிச் சிறையிடப்பட்டனர். புகையிலைக்கோ சங்கச் சான்று தேடவும் இயலாது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்த பயிர். ஆகவே மரபின் பெயரால் புகைப்பவன் மரபையும் அறியான், வரலாற்றையும் அறியான்.

இரண்டாவது சமாதானம் தோழமை பற்றியது. ஊரையும் உறவையும் பிரிந்து விடுதிக்கு வரும் புகுமுக மாணவனுக்குத் துணை தேவை. அத்தேவை உண்மையானது; எள்ளி நகையாடத்தக்கதன்று. ஆனால் அத்துணையைப் பெறுவதற்கு ஒரு குவளையை விலையாகக் கேட்பது எவ்வகைத் தோழமை? குடிக்க மறுப்பவனை ஒதுக்குவதும், புகைக்கத் தயங்குபவனைக் கேலிசெய்வதும், மூத்த மாணவன் என்ற அதிகாரத்தைக் கொண்டு அவனை வற்புறுத்துவதும் பகிடிவதையின் வடிவங்களே. பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உடற்காயத்தோடு அச்சத்தையும் உளவேதனையையும் கருத்திற் கொள்கின்றது. எனினும் சட்டத்துக்கு அஞ்சி நிறுத்துவதிலும், 'வேண்டாம்' என்று சொல்லும் ஒருவனை நண்பனாக ஏற்கப் பழகுவதே மாணவர் சமூகத்துக்குப் பெருமை தரும்.

மூன்றாவது, ஆண்மை பற்றிய மயக்கம். குடித்தலும் புகைத்தலும் வளர்ந்த ஆணின் அடையாளங்கள் என்ற எண்ணம் திரைப்படத்தாலும் ஊர் வழக்காலும் ஊட்டப்பட்டுள்ளது. 2018 சனவரியில், பெண்களுக்கு மது விற்பதற்கிருந்த தடையை நிதியமைச்சர் நீக்கியதும், சில நாட்களுள்ளேயே சனாதிபதி அந்நீக்கத்தை இரத்துச் செய்வித்ததும் நினைவிற் கொள்ளத்தக்கன. பெண் குடித்தால் பண்பாடு கெடும் என்று பதறியோர், ஆண் குடிப்பதால் கெடும் குடும்பத்தைப் பற்றி அவ்வளவு பதறினரல்லர். மதுவின் சுமையை வீட்டில் தாங்குபவள் பெண்ணே. அவள் உழைப்பாற் படித்து வந்தவன் அவளை வருத்திய அதே பழக்கத்தைப் பல்கலைக்கழகத்திற் பயில்வானாயின், அக்கல்வி எதனை மாற்றியது?

நான்காவது சமாதானம் துயரம் பற்றியது. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இப்பிரதேசத்தில் விட்டுச்சென்ற காயங்கள் ஆழமானவை. 1990 செப்ரெம்பரில் வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேர் அழைத்துச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். இத்தகைய மண்ணிற் பிறந்தவன் மறதியை நாடுவது விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயினும் காணாமற் போனோரின் தாய்மாரும் மனைவியரும் மறதியை நாடவில்லை. அவர்கள் படங்களை ஏந்தி வீதியில் நின்று நினைவையே தம் ஆயுதமாக்கினர். துயருற்ற சமூகத்துக்குத் தெளிந்த அறிவுடைய இளைஞர் தேவைப்படும் வேளையில், அவர்களை மயக்கத்தில் ஆழ்த்துவது துயரத்துக்கு மருந்தாகாது. துயருற்றவனுக்கு வேண்டியது செவிமடுக்கும் ஒரு மனிதனும், தேவைப்படின் மருத்துவரும்.

முற்போக்குப் பேசும் மாணவரிடம் வேறொரு முரண்பாட்டைக் காணலாம். ஏகாதிபத்தியத்தைப் பகலிற் சாடுபவர் மாலையிற் பற்றவைக்கும் சிகரெட்டை உற்பத்தி செய்யும் இலங்கைப் புகையிலைக் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகள் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலை நிறுவனத்துக்கு உரியவை. 2017இல் கல்குடாப் பகுதியில் மதுசாரத் தொழிற்சாலை அமைக்கப்படுவதற்கு எதிராக மக்கள் குரலெழுப்பினர். அக்குரல் நியாயமானது. ஆனால் தொழிற்சாலையை எதிர்த்துக்கொண்டே அதன் பண்டத்துக்கு வாடிக்கையாளராக இருப்பது எதிர்ப்பின் வலிமையைக் குறைக்கும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது, புகையிலை விளம்பரங்களைத் தடுத்ததோடு 21 வயதுக்குக் குறைந்தோருக்கு அவற்றை விற்பதையும் தடைசெய்தது. சுவரொட்டி மறைந்தது; அதன் இடத்தில் மூத்த மாணவன் கூலியில்லா விளம்பரமாக நிற்கின்றான்.

பொருளியல் உண்மை இன்னும் கடுமையானது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின் வழி மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிகரெட் ஒன்றுக்கு 100 ரூபா என்று குறைத்துக் கணக்கிட்டாலும், நாளொன்றுக்கு இரண்டு புகைப்பவன் மாதம் 6,000 ரூபாவை எரிக்கின்றான். 2025இல் உயர்த்தப்பட்ட அத்தொகையில் எஞ்சிய 1,500 ரூபாவில் நூல் வாங்குவதா, உணவு கொள்வதா? வயலிலும் வாவியிலும் உழைக்கும் பெற்றோரே ஈற்றில் அதனை ஈடுசெய்ய நேர்கின்றது.

இனி, அறவுரை கூறும் மூத்தோரை நோக்குவோம். திருமண வீட்டின் பின்புறத்திற் போத்தல் திறப்போர் முன்புறத்தில் மாணவரைக் கண்டிப்பது எடுபடாது. 'அளவோடு குடித்தால் தீங்கில்லை' என்ற அவர்தம் ஆறுதலும் ஆய்வின்முன் நிற்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே மதுபானத்தை மனிதரிற் புற்றுநோய் விளைவிக்கும் முதற்பிரிவிற் சேர்த்தது. புகையிலையால் ஆண்டுதோறும் உலகில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். வட்டாவில் வெற்றிலை வைத்து வரவேற்பது மட்டக்களப்பின் இனிய பண்பு. ஆனால் பாக்கோடும் புகையிலையோடும் மெல்லும் பழக்கம் வாய்ப்புற்றுநோய்க்கு வழிவகுக்கின்றது என்பதையும் மூத்தோர் ஏற்றாக வேண்டும். தம்மைத் திருத்தாது இளையோரைத் திருத்த முனைவது போதனையாகுமேயன்றி வழிகாட்டலாகாது.

ஆகவே கண்டனமும் சமாதானமும் நம்மை ஓரடியேனும் முன்னகர்த்தமாட்டா. மாலை வேளைகளில் நாடகமும் கூத்தும் வாசிப்பும் விளையாட்டும் உயிர்பெறுமாயின் தவறணைக்குச் செல்லும் கால்கள் சில திரும்பும். மாணவர் ஒன்றியங்கள் புகுமுக மாணவரை வரவேற்கும் நிகழ்வுகளில் மதுவுக்கு இடமில்லை என்று தாமே தீர்மானிக்க வேண்டும். பழக்கத்துக்கு ஆளானவனைத் தண்டனைக்கு உரியவனாக மட்டும் கருதாது, உதவிக்கு உரியவனாகவும் விரிவுரையாளர்கள் நோக்க வேண்டும். ஏழை உழவனின் வரியிலும் வியர்வையிலும் நடைபெறும் கல்வி இது. அதனைப் பெறும் நாம் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடியது தெளிந்த சிந்தை ஒன்றே. அதனையும் புகையிலும் போதையிலும் இழந்துவிடின், நாம் பெறும் பட்டம் யாருக்குப் பயன்படும்?