640 என்ற அழகு

இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரி, வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள். ஸ்ரீபெரும்புதூர் வட்டார சிப்காட் வளாகங்களில் கண்ணுக்குத் தெரிவது இவைதான். இந்த ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகளில் ஏசி அறையின் மூலையில் ஒரு வெப் சர்வரும் ஓடிக்கொண்டிருக்கும். டெலிவரி ஷெட்யூல், டிராயிங், இன்வாய்ஸ் எல்லாம் அதில்தான். அது லினக்ஸ் சர்வராக இருந்தால், நான் முதலில் பார்ப்பது வெப்சைட்டை அல்ல, அதன் ஃபைல் பர்மிஷன்களை. அமைத்தவரின் கைத்திறன் அங்கே தெரிந்துவிடும்.

'எல்எஸ் மைனஸ் எல்' என்று அடித்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி வருகிறது. முதல் எழுத்து அது ஃபைலா, ஃபோல்டரா என்று சொல்லும். அடுத்த ஒன்பதில் ஓனருக்கு மூன்று, குரூப்புக்கு மூன்று, மற்ற எல்லாருக்கும் மூன்று. படிக்க 4, எழுத 2, இயக்க 1. இந்த மூன்றையும் எப்படிக் கூட்டினாலும் 0 முதல் 7 வரை ஓர் இலக்கம்தான் வரும், ஒரு சேர்க்கைக்கு வந்த இலக்கம் இன்னொன்றுக்கு வராது. அதனால் ஒரு ஃபைலின் மொத்த நியாயமும் மூன்று இலக்கத்தில் அடங்கிவிடுகிறது. இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு கணினித் துறையில் அபூர்வம்.

லினக்ஸுக்கு இந்த ஏற்பாடு யூனிக்ஸிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கினார்கள். 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டிலேயே பர்மிஷனை மாற்றும் சிஎச்மாட், ஓனரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளைகள் உண்டு. அப்போது ஓனர், ஓனர் அல்லாதவர் என்று இரண்டே பிரிவு. குரூப் பிறகு சேர்ந்தது. ஐம்பது ஆண்டு தாண்டியும் அதே கட்டளைகளைத்தான் ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் அட்மினும் அடிக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபோல்டரில் வரும் எக்ஸ், அதாவது அந்த 1-க்கு உரிய எழுத்து. ஃபைலில் அதற்கு 'இயக்கலாம்' என்று அர்த்தம். ஃபோல்டரில் 'இதன் வழியே போகலாம்' என்று அர்த்தம். படிக்கும் அனுமதி இல்லாமல் எக்ஸ் மட்டும் இருந்தால், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்க முடியாது. பெயர் தெரிந்த ஃபைலை மட்டும் போய்த் தொடலாம். ஆலை கேட்டில் கான்ட்ராக்ட் பாஸ் வாங்கியவர் தனக்குச் சொன்ன ஷெட்டுக்கு நேராகப் போய் வருகிற மாதிரி. பாதையில் ஒரே ஒரு ஃபோல்டரில் எக்ஸ் விட்டுப்போனாலும் போதும், உள்ளே இருக்கும் ஃபைல் 644 ஆக இருந்தாலும் வெப் சர்வர் 'அனுமதி இல்லை' என்ற 403 எர்ரரைக் காட்டும். பலர் ஃபைலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தடை இரண்டு படி மேலே இருக்கும்.

இன்னொரு நுணுக்கம்: ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலில் எழுதும் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் வேண்டும். ஃபைலின் பெயர் ஃபோல்டரின் சொத்து என்று புரிந்துகொண்டால் இது சட்டென்று விளங்கிவிடும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் ஃபைலை வெப் சர்வர் படித்தே ஆக வேண்டும். ஆனால் அதை மாற்றக் கூடாது. மற்றவர் கண்ணில் படவும் கூடாது. டெபியன் லினக்ஸ் வழி வந்த சர்வர்களில் வெப் சர்வர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற தனிக் கணக்கில் ஓடும். சி-டாக் உருவாக்கிய நம் பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். அந்த கான்ஃபிக் ஃபைலுக்கு ஓனராக ஒரு மனிதரின் கணக்கு, குரூப்பாக டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, பர்மிஷன் 640. ஓனர் எழுதுவார், சர்வர் படிக்கும், மூன்றாமவருக்குப் பூஜ்யம். தேவைக்கு ஒரு பிட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைச் சரியாகப் போட்டிருக்கும் சர்வரைப் பார்க்கும்போது வருகிற நிறைவு பெரிது.

ஓனர் விஷயத்தில்தான் அவசரக்காரர்கள் கெடுக்கிறார்கள். மொத்த சைட்டையும் வெப் சர்வர் கணக்கின் பேருக்கே எழுதிவைத்துவிடுவார்கள். பிறகு பிஎச்பி நிரலில் ஒரு ஓட்டை கிடைத்தாலே நுழைந்தவன் எல்லாப் பக்கத்தையும் திருத்தலாம். சர்வர் எழுத வேண்டிய இடம் அப்லோட் ஃபோல்டர் போன்ற ஒன்றிரண்டுதான். அங்கேயும் ஒரு கவனம் வேண்டும். பிஎச்பி ஃபைல் ஓட எக்ஸ் தேவையில்லை, சர்வர் அதைப் படிக்க முடிந்தாலே போதும். ஆகவே அப்லோட் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி சர்வர் கான்ஃபிக்கிலும் அடைக்க வேண்டும்.

ஷிஃப்ட் மாறி மாறி இரண்டு மூன்று பேர் பார்க்கும் சர்வர் என்றால் மூன்று இலக்கத்துக்கு முன்னால் ஒரு 2 சேரும். 2775 போட்ட ஃபோல்டரில் யார் புது ஃபைல் உருவாக்கினாலும் அது ஃபோல்டரின் குரூப்பிலேயே பிறக்கும். கூடவே, புது ஃபைலில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் 002 என்று இருந்தால், பகல் ஷிஃப்ட் ஆள் வைத்ததை இரவு ஷிஃப்ட் ஆள் பாஸ்வேர்டு கேட்டு அலையாமல் திருத்தலாம்.

777 போட்டால் எர்ரர் மறைந்துவிடும் என்பது உண்மை. அந்த சர்வரில் கணக்கு உள்ள எவரும், ஓடும் எந்த நிரலும் அந்த ஃபைலில் எழுதலாம் என்பதும் உண்மை. அதை நான் தீர்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால், வெப் ஃபோல்டரில் நின்று ஃபைண்ட் கட்டளைக்கு 'டைப் எஃப்', 'பெர்ம் மைனஸ் 0002' என்று இரண்டு நிபந்தனை கொடுத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபைல்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஓனர் யார், உண்மையில் யார் எழுத வேண்டும் என்று கேட்டு, அதற்கேற்ற இலக்கத்தைப் போடுங்கள்.