கேட்பவர் பங்கு: தமிழ் மேடையும் அதைப் பற்றிய ஆய்வும்

மேடைப் பேச்சு பற்றித் தமிழில் கிடைக்கும் புத்தகங்களில் பெரும்பகுதி 'பேச்சாளராவது எப்படி' வகைதான். குரலை ஏற்றி இறக்கு, குட்டிக் கதை சொல், கண்ணைப் பார்த்துப் பேசு. எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்தப் புத்தகங்களில் எய்யப்படும் அம்புக்கு இலக்காகவே வருகிறார். அவரை ஈர்க்க வேண்டும், கட்டிப்போட வேண்டும், அவ்வளவுதான். தமிழ் மேடையின் வரலாற்றையும், பேச்சைக் குறித்துக் கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்திருக்கும் ஆய்வுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால் வேறு ஒன்று தட்டுப்படுகிறது. கூட்டத்தைக் கலையவிடாமல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கூட்டத்துக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்தவர்கள்.

வள்ளுவருக்கு இது தெரியும். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் (65) ஒதுக்கியவர், அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) என்று அவைக்கு இரண்டு ஒதுக்குகிறார். தகாத அவையில் பேசுவது சாக்கடையில் அமுதத்தைக் கொட்டுவது என்று சொல்லும் அளவுக்கு அவரிடம் கறார் உண்டு. ஆனால் அது கற்றவர்கள் கூடும் அவை. பேசுகிறவர் தனக்கேற்ற அவையைத் தேர்ந்துகொள்ளலாம். போகிற போக்கில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி கேட்கிற மனிதர் அந்த அவையில் இல்லை. அவருக்காகப் பேசுவது பிற்காலத்தில் வந்த கலை.

அது எப்போது வந்தது என்பதைத் தோண்டியவர் அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட். மதுரையில் தங்கிக் கட்சிக் கூட்டங்களைக் கேட்டுத் திரிந்து அவர் எழுதிய 'தமிழ் ஒரேட்டரி அண்ட் த டிரவிடியன் எஸ்தெடிக்' 2009இல் வந்தது. 2016இல் அவர் இறந்தபோது பாதியில் நின்ற அடுத்த நூலை நண்பர்கள் ஒழுங்குசெய்ய, அது 2021இல் வெளியானது. முதல் நூலின் வாதம் நம்மில் பலருக்கு அதிர்ச்சி தரும். மேடையில் முழங்கும் செந்தமிழ் பழைமையானதுபோல் ஒலிக்கிறதே தவிர, அரசியல் மேடைக்கு அது இருபதாம் நூற்றாண்டின் புதுவரவு; திராவிட இயக்கத்தார் உருவாக்கிய நடை. இரண்டாம் நூல் இன்னும் பின்னால் போகிறது. முன்பின் தெரியாத எல்லாரையும் ஒருசேர விளித்துப் பேசும் வடிவமே கிறித்தவப் பாதிரிமாரின் பிரசங்கத்திலிருந்து வந்தது என்கிறார்.

இதற்கு அவர் காட்டும் முக்கியச் சாட்சி யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பணியாற்றி, பீட்டர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த நாவலருக்குப் பிரசங்கத்தின் வலிமை நன்றாகத் தெரிந்திருந்தது. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். எதிராளியின் ஆயுதத்தை எடுத்துக்கொண்டார் என்று இதைச் சுருக்கிவிடுவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது கிழமை. வாராவாரம் வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளைக் குறித்துவிட்டால் கேட்கிறவருக்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. போன வாரம் விட்ட இடத்தை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அரசியலுக்கு இந்த வடிவம் வர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1907இல் பாரதியார் முயற்சியெடுத்து அழைத்துவந்த பிபின் சந்திர பாலின் சென்னைக் கடற்கரைப் பேச்சுகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் மில் தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார்கள். வேலைநிறுத்தம் வந்தது, மார்ச் 12இல் கைது வந்தது, அப்பேச்சுகளே ராஜ துரோகக் குற்றமாயின. ஆங்கிலேய அரசு அஞ்சியது ஆங்கிலப் பேச்சைக் கண்டல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோதுகூட அதன் தலைவர் பி.பி. வாடியாவின் ஆங்கிலத்தைத் தமிழாக்க ஆள் வேண்டியிருந்தது. பக்கத்தில் திரு.வி.க. போன்ற ஒருவர் இருந்தார்.

ஒலிபெருக்கி வந்ததும் ஆட்டமே மாறியது. அதுவரை கடற்கரைக் காற்றோடு மல்லுக்கட்டும் தொண்டை வேண்டும். மைக்செட் வந்தபின் கரகரத்த, தாழ்ந்த குரல்காரரான அண்ணாவால் ஆயிரக்கணக்கானவர்களிடம் ஏறக்குறையக் காதோடு பேசுவதுபோல் பேச முடிந்தது. கம்பராமாயணத்தை முன்வைத்து 1943இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அவர் நடத்திய வாதங்கள் 'தீ பரவட்டும்' என்ற நூலாக இருக்கின்றன. படித்துப் பாருங்கள். புலவர்களை எதிர்த்துப் பேசுகிறார், ஆனால் பேச்சு முழுக்கக் கூட்டத்தைப் பார்த்தபடி நகர்கிறது. தீர்ப்புச் சொல்லும் வேலை கேட்பவரிடம் போய்விடுகிறது.

திராவிட மேடையின் அடுக்குமொழியைக் கேலிசெய்வது இன்று சுலபம். வெறும் அலங்காரம், பொருள் இல்லாத ஓசை என்பார்கள். இங்கேதான் மேக்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளரின் ஆய்வு உதவுகிறது. அரசியல் பேச்சுகளின் ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டு, கைத்தட்டல் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று நொடிக்கணக்கில் அளந்தார். 1984இல் 'அவர் மாஸ்டர்ஸ் வாய்ஸஸ்' என்ற நூலாக அது வந்தது. வழக்கமான கைத்தட்டல் ஏறக்குறைய எட்டு நொடி. அதைவிட முக்கியம், அது பேச்சாளர் வாக்கியத்தை முடித்த மறுகணமே, சில சமயம் முடிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. தனியாகக் கைதட்டி அசடு வழிய யாருக்கும் விருப்பமில்லை. எல்லாரும் சேர்ந்து தட்ட வேண்டுமானால், வாக்கியம் எங்கே முடியப்போகிறது என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மூன்று அடுக்கு, எதிரெதிர் நிறுத்தல் போன்ற உத்திகள் அந்தக் குறிப்பைத்தான் தருகின்றன. ஜான் ஹெரிட்டேஜும் டேவிட் கிரேட்பாட்சும் 1981ஆம் ஆண்டுக் கட்சி மாநாடுகளின் 476 பேச்சுகளை ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட கட்டுரையில், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான கைத்தட்டல்கள் இப்படிப்பட்ட ஏழு உத்திகளோடு சேர்ந்தே வருவதைக் காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் கவியரங்கத்தை நினைத்துப் பாருங்கள். கவிஞர் ஓர் அடியைப் படிக்கிறார். நிறுத்துகிறார். அதே அடியை மறுபடி படிக்கிறார். முதல் அடி 'மாலை' என்று தொடங்கியிருந்தால் காது அதற்குள் 'சோலை', 'காலை', 'வேலை' என்று துழாவத் தொடங்கிவிடும். இரண்டாம் முறை படிக்கும்போது கூட்டம் ஏற்கெனவே அடுத்த அடியின் வாசலில் நிற்கிறது. கவிஞர் அந்தச் சொல்லையே போட்டால் 'ஆஹா'. எதிர்பாராத ஒன்றைப் போட்டால் அதைவிடப் பெரிய 'ஆஹா'. பிரிட்டிஷ்காரர் மூன்று அடுக்கில் கண்டுபிடித்ததை எதுகை ஒவ்வோர் அடிக்கும் செய்துவிடுகிறது. அடுக்குமொழியை அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒத்திசைவைக் கணக்கில் எடுப்பதில்லை. அதே சமயம் கைத்தட்டல் உத்தியால் மட்டும் வருவதும் இல்லை. அழைக்காத இடத்திலும் கருத்துக்காகவே கூட்டம் கைதட்டும் என்று உளவியலாளர் பீட்டர் புல் பின்னர் அட்கின்சனைத் திருத்தினார். அந்தத் திருத்தம் நியாயமானது.

அதற்குச் சரியான எடுத்துக்காட்டு பெரியார். எதுகை இல்லை, செந்தமிழ் இல்லை. ஈரோட்டுப் பேச்சுமொழியில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வழக்குப் பேசுவதுபோல் இரண்டு மணி, மூன்று மணி நேரம். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில், உடல்வலியோடு, தொண்ணூற்று நான்கு வயதில் தம் கடைசிப் பேச்சைப் பேசினார். கேட்பவரின் கவனம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது என்று பயிற்சி வகுப்புகளில் இன்றும் ஓதுகிறார்கள். கேரன் வில்சனும் ஜேம்ஸ் கோர்னும் 2007இல் இந்தக் கணக்கின் வேரைத் தேடிப் போனார்கள். அதைத் தாங்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. பெரியார் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சான்று தேவைப்பட்டிருக்காது. நான் சொல்வதால் ஏற்காதே, உன் அறிவுக்குப் பட்டால் எடுத்துக்கொள் என்று அவர் ஓயாமல் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கேட்பவர் தலையில் வைத்த வேலை. சம்மதிக்காதவரும் பதில் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். சந்தேகம் உள்ளவர் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார். (இன்றைக்கு மேடைக்குப் போகும் துண்டுச் சீட்டில் பெரும்பாலும் 'நேரமாகிவிட்டது' என்றோ, விளிக்கத் தவறிய வட்டச் செயலாளரின் பெயரோதான் இருக்கிறது.)

பேட்டின் நூல்களில் எனக்கு ஒரு மனக்குறை. பேசுபவரின் மொழி மீது அவர் வைக்கும் அழுத்தத்தில், பதில் சொல்லும் மரபுகள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. குமரி, நெல்லை மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் தனியாகக் கதை சொல்வதே இல்லை. வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டி அவர் ஒரு வரி சொன்னால், குடத்துக்காரரும் உடுக்கைக்காரரும் 'ஆமா' போட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், சில இடத்தில் வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் ஒருவர் மனத்தில் எழும் கேள்வியை மேடையில் இருப்பவரே கேட்டுவிடுகிறார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இதை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தபோது பாட்டை மாற்றினார், பொருளை மாற்றினார். அந்த 'ஆமா'வைத் தொடவில்லை.

கதாகாலட்சேபத்தில் அந்த வேலை இசைக்கு. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராட்டிய கீர்த்தன மரபை எடுத்து உருவாக்கிக் கொடுத்த அமைப்பில், வசனம் கனத்துவிட்டால் ஒரு பாட்டு, பாட்டு நீண்டுவிட்டால் ஒரு துணுக்குக் கதை. பெண்கள் மேடையேறுவதற்கு எழுந்த எதிர்ப்பைத் தாண்டி சி. சரஸ்வதி பாய் அதில் புகழ்பெற்றார்.

திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993) இன்னும் நேரடியானவர். முன்வரிசையில் குழந்தைகளை உட்காரவைப்பார். கதைக்கு நடுவே நிறுத்தி ஒரு கேள்வி போடுவார். புராணத்திலிருந்து ஒன்று, சில நேரம் வெறும் விடுகதை. சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பரிசு. இந்தக் காட்சியைப் பார்த்த யாருக்கும் நினைவிருக்கும்: ஒரு சிறுவன் எழுந்து நின்று யோசிக்கும் அந்த நான்கைந்து நொடியில் பின்வரிசைத் தாத்தாவும் உதட்டுக்குள் விடையை உருட்டிக்கொண்டிருப்பார். தெரியாது என்றால் அவமானமில்லை. கேள்வி அவரிடம் கேட்கப்படவில்லையே. குழந்தையிடம் கேட்டு ஊரையே யோசிக்கவைப்பது எவ்வளவு பெரிய சாமர்த்தியம்! ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறையும் இதற்குத் தூரத்து உறவுதான். விரிவுரையை நிறுத்து, ஒரு கேள்வி போடு, ஒவ்வொருவரும் விடை சொல்லட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும், மறுபடி விடை சொல்லட்டும். மாணவரை இப்படி ஈடுபடுத்தும் வகுப்புகளையும் வெறும் விரிவுரையையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் கண்டது: விரிவுரை மட்டும் கேட்டவர்களில் 33.8 விழுக்காட்டினர் தேறவில்லை; ஈடுபட்ட வகுப்புகளில் அது 21.8. வகுப்பறையும் கோயில் மண்டபமும் ஒன்றல்ல, மண்டபத்தில் யாருக்கும் தேர்வு கிடையாது. என்றாலும் ஒன்றில் நடப்பது மற்றதை விளக்குகிறது.

பட்டிமன்றம் கூட்டத்தையே இரண்டாகப் பிரித்து வேலை வாங்கும். பட்டிமண்டபம் என்ற பெயர் மணிமேகலையிலேயே உண்டு. இன்றைய வடிவம், சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடையில் வளர்ந்தது. குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்கள் இருந்தார்கள். பாத்திரங்களில் யார் உயர்ந்தவர் என்பது போன்ற தலைப்புக்குக் கூட்டமும் கம்பனைப் படித்திருக்க வேண்டும். தொலைக்காட்சிக்குப் போனதும் யாருக்கும் ஏற்கெனவே ஒரு கட்சி இருக்கும் தலைப்பு தேவைப்பட்டது: கணவனா மனைவியா, கிராமமா நகரமா. மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையாவின் (பத்மஸ்ரீ, 2021) நயம் அந்தத் தலைப்புகளையும் தூக்கி நிறுத்தியது. அவரைப் பார்த்துச் செய்கிறவர்களிடம் சிரிப்பு மிஞ்சியது, வாதம் கழன்றுவிட்டது. வீட்டில் இருப்பவர் கட்சி எடுக்க வேண்டாம். திரையில் சிரிக்கும் முகத்தை அடிக்கடி காட்டிவிடுகிறார்கள், அவருக்குப் பதிலாக அவர்கள் சிரித்துக்கொள்கிறார்கள்.

அலுவலகத்து 'பிரசன்டேஷன்' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பவர்பாயின்ட் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வந்தது. திரையில் வரிகளைப் போட்டு அதையே வாசிக்கும் வழக்கம் வந்தபோது கேட்பவரின் கடைசி வேலையும் போயிற்று. பேச்சாளர் இரண்டாம் வரியில் இருக்கும்போது அவர் ஐந்தையும் படித்து முடித்துச் செல்பேசியை எடுத்திருப்பார். எட்வர்ட் டஃப்ட்டி 2003இல் இதைக் கடுமையாகச் சாடி ஒரு சிறுநூலே எழுதினார். பயிற்சியாளர்கள் காட்டும் இன்னொரு எண் இதைவிட மோசம்: பேச்சின் தாக்கத்தில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகத்துக்கு 55. ஆல்பர்ட் மெஹ்ரேபியனின் 1967ஆம் ஆண்டுச் சோதனைகள், ஒற்றைச் சொல்லை வெவ்வேறு குரலில் சொன்னால் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்ற உணர்வு எப்படித் தெரிகிறது என்று பார்த்தவை. அதை முழுப் பேச்சுக்கும் நீட்டுவதானால் சீன மொழியில் பேசினாலும் நமக்கு 93 விழுக்காடு புரிய வேண்டும்.

தமிழ்க் கேட்பவரை ஆராய வருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது சான்றுகளோடு. அச்சான பேச்சில் கூட்டம் ஓர் அடைப்புக்குறிக்குள் '(கைத்தட்டல்)' என்று ஒடுங்கிவிடுகிறது, பெரும்பாலும் அதுவும் இல்லை. காலனிய ஆட்சியின் ரகசியப் போலீஸ் அறிக்கைகள் பரவாயில்லை. எத்தனை பேர் வந்தார்கள், மாணவர்களா கூலிகளா என்பதாவது அவற்றில் இருக்கும், கூட்டத்தைக் கவனிப்பதற்கே சம்பளம் வாங்கியவர்கள் எழுதியதால். ஒலிநாடாக்களில் மைக்கின் முகம் பேச்சாளர் பக்கம் திரும்பியிருக்கும். வாரியாரின் கேள்வி தெளிவாகக் கேட்கும், பிள்ளையின் பதில் காற்றில் போயிருக்கும். இந்த வகையில் இன்று கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து செல்பேசியில் பிடிக்கப்படும் ஆட்டம் காணும் பதிவுகள் ஆய்வாளருக்கு மேலானவை. பேச்சு பாதிதான் விழும். பக்கத்தில் இருப்பவரின் 'அட', பின்னாலிருந்து 'உட்காருப்பா, மறைக்குது', முன்கூட்டியே தட்டிவிட்டு நிறுத்திய அந்த ஒற்றைக் கை, எல்லாம் அதில் விழுந்திருக்கும்.