அ அ அ எழுதும் கடிதங்கள்

அண்ணன் மகள் பத்தாவது படிக்கிறாள். போன மாதம் தமிழ் நோட்டை என்னிடம் நீட்டி, "சித்தப்பா, அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காங்க, பாருங்க" என்றாள். முறையீட்டுக் கடிதம். தெருவிளக்குகள் பழுதாகிவிட்டன, இரவில் நடப்பவர்களுக்கு இடைஞ்சல், ஆவன செய்ய வேண்டும் என்று மின்வாரிய அலுவலருக்கு எழுதியது. அனுப்புநர், பெறுநர், பொருள், வணக்கம், இப்படிக்கு, இடம், நாள் எல்லாம் வரிசை மாறாமல் இருந்தன. கடைசியில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு உறைமேல் முகவரி. கட்டத்தின் மூலையில் குட்டியாக ஒரு ஸ்டாம்ப்கூட வரைந்திருந்தாள்.

அனுப்புநர் பெயர்: அ அ அ.

நானும் அப்படித்தான் எழுதினேன். நீங்களும் எழுதியிருப்பீர்கள். விடைத்தாளில் பிள்ளையின் அடையாளம் தெரியக்கூடாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பரீட்சைக்காக வந்த பழக்கம் வகுப்பு நோட்டிலும், வீட்டுப்பாடத்திலும், வருஷம் முழுக்க நடக்கிறது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு அதிகாரியிடம் நியாயம் கேட்டு எழுதும்போதே நம் பெயரை எடுத்துவிடப் பழகுகிறோம்.

கவிதையை, நாவலை எல்லாம் வரிவரியாகப் பிரித்து மேய்கிறோம். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் எழுதும் உரைநடை இது; இதை யாரும் ஒரு பிரதியாக வாசித்ததாகத் தெரியவில்லை. வாசித்துப் பார்த்தேன். எந்தத் தெரு என்று இல்லை. எத்தனை விளக்கு, எந்தக் கம்பம், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்று இல்லை. பதிலுக்கு, பொதுமக்கள் பெரும் அவதிக்குள்ளாகிறார்கள், முதியோரும் குழந்தைகளும் அஞ்சி நடக்கிறார்கள் என்று கைடிலிருந்து இறங்கிவந்த இரண்டு வாக்கியங்கள். அதே பாடப்புத்தகத்தில் இன்னொரு கடிதமும் உண்டு. ஓட்டலில் சாப்பாடு சரியில்லை, விலையும் அதிகம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குச் சான்றுகளோடு புகார் செய்ய வேண்டும். 'இணைப்பு: ரசீது நகல்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எந்த ஓட்டல்? யார் சாப்பிட்டது? இல்லாத ரசீதை இணைத்து, இல்லாத ஆளின் பேரில், போகாத தபாலில் போடுகிறோம். புனைவு என்று வைத்துக்கொண்டாலும் மோசமான புனைவு. நல்ல புனைவில் ஓட்டலுக்கு ஒரு பெயர் இருக்கும், சாம்பாரில் ஒரு வாசனை இருக்கும்.

இதைவிடப் பெரிய கூத்து அந்த மின்வாரியக் கடிதத்தின் முகவரி. கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. தெருவிளக்கு எரிகிறதா என்று பார்த்துப் பராமரிக்க வேண்டியது உள்ளாட்சி: ஊராட்சியோ, பேரூராட்சியோ, நகராட்சியோ, மாநகராட்சியோ. அதாவது பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய அந்தக் கடிதத்தை ஒரு பிள்ளை நிஜமாகவே தபாலில் போட்டால், அது தப்பான ஆபீஸுக்குத்தான் போய்ச் சேரும். பல வருஷமாக யாரும் கவனிக்காததற்கு ஒரே காரணம், இதுவரை யாரும் அதைப் போட்டதில்லை.

'ஸ்கூல்ல மைட்டோகாண்ட்ரியா சொல்லித் தந்தாங்க, வருமான வரி கட்டச் சொல்லித் தரலை' என்று வருஷம் தவறாமல் ஒரு மீம் சுற்றும். எனக்கு அந்த மீமின்மேல் இரண்டு சண்டை. மைட்டோகாண்ட்ரியா என்ன பாவம் செய்தது என்பது ஒன்று. இன்னொன்று, அந்தப் பட்டியல் யாருடைய பட்டியல் என்பது. என்னோடு பத்தாவது படித்தவர்களில் வருமான வரி கட்டுகிறவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். வாரிசுச் சான்றுக்கு அலையாத வீடு ஒன்றுகூட இருக்காது.

என் கதையும் அதுதான். 2011-ல் அப்பா இறந்தார். அண்ணன் சிங்கப்பூரில் இருந்தான். தாலுகா ஆபீஸுக்கு அலையும் வேலை எனக்கு. தமிழில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவன் அல்லவா, மனுவை நானே எழுதினேன். இரண்டு பக்கம். குடும்பத்தின் ஆணிவேர் சாய்ந்தது, நாங்கள் நிர்க்கதியாய் நிற்கிறோம் என்றெல்லாம் அதில் இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் மனு எழுதும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்டூல், ஒரு அட்டை, கார்பன் தாள். என் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. அப்பா எந்தத் தேதியில இறந்தாரு, அதைக் காணோமே?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார். எங்கே இறந்தார், இறப்புச் சான்று எண் என்ன, வாரிசு யார் யார். அம்மா, அண்ணன், நான் என்றேன்.

"அவரோட அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க ஐயா. எங்ககூடத்தான் இருக்காங்க."

"அவங்க பேரு எங்கே?"

அன்று காலை எனக்கு இட்லி வைத்து அனுப்பியதே அப்பாயிதான். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாய் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, பிள்ளைகளோடு சமமாக நிற்பவள். எனக்கு அது தெரியாது. பெற்ற மகனைப் பறிகொடுத்த கிழவியின் பெயரை, வேண்டுமென்று இல்லை, தெரியாமலேயே விட்டிருந்தேன். அப்படியே போயிருந்தால் ஒன்று மனு திரும்பியிருக்கும், இல்லாவிட்டால் அவளுக்குச் சேர வேண்டியது காகிதத்தில் இல்லாமலே போயிருக்கும். இரண்டில் எது மோசம் என்று சொல்லத் தேவையில்லை.

பெரியவர் எழுதியது எட்டு வரி. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, "உள்ள குடுக்கிறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுத்துக்குங்க. அந்த நகல்ல சீலும் தேதியும் போட்டு வாங்கிட்டு வாங்க. அது இல்லைன்னா நீங்க மனுவே குடுக்கலைன்னு அர்த்தம்" என்றார். பன்னிரண்டு வருஷப் படிப்பில் எனக்கு யாரும் சொல்லாத வாக்கியம் அது.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்துத்தான் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' புத்தகம் கைக்கு வந்தது. இத்தாலியில் பிளாரன்ஸுக்குப் பக்கத்து மலையில் பார்பியானா என்று ஒரு குக்கிராமம். லொரென்சோ மிலானி என்ற பாதிரியாரை 1954-ல் அங்கே மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் தோற்று வெளியேறிய விவசாயிகளின் பிள்ளைகளுக்கு அவர் ஒரு பள்ளி நடத்தினார். வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். செய்தித்தாளைச் சத்தமாகப் படித்து அலசுவார்கள். அந்தப் பள்ளியின் எட்டு மாணவர்கள் சேர்ந்து, தங்களைப் பெயிலாக்கிய ஒரு ஆசிரியைக்கு எழுதிய கடிதம்தான் முழுப் புத்தகமும். 1967 மே மாதம் வெளிவந்தது. அடுத்த மாதமே மிலானி இறந்துபோனார்.

தலைப்பைப் பேச்சுத்தமிழில் வைத்தது சரியான முடிவு. ஆனால் மூலத்தின் தலைப்பில் 'கடிதம்' என்ற சொல் இருக்கிறது, தமிழில் அது போய்விட்டது. எனக்கு அது நஷ்டமாகவே படுகிறது. காரணம், அந்தப் பிள்ளைகள் எழுதுவதற்கு வைத்துக்கொண்ட விதிகளிலேயே முக்கியமானது யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது. சொல்வதற்குப் பலருக்கும் உபயோகமான விஷயம் ஒன்று இருக்க வேண்டும். தேவையில்லாத சொல்லையும், பேச்சில் தாங்கள் பயன்படுத்தாத சொல்லையும் வெட்டிவிட வேண்டும். ஆளுக்கொரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, தோன்றுவதையெல்லாம் தனித்தனித் தாளில் எழுதி, ஒருநாள் எல்லாவற்றையும் பெரிய மேசையில் பரப்பி, ஒன்றுபோல இருப்பதைக் கழித்து, மிச்சத்தை அடுக்கி அத்தியாயமாக்கினார்கள். இதைப் படித்தபோது எனக்கு மிலானி நினைவுக்கு வரவில்லை; புங்கமரத்தடிப் பெரியவர்தான் வந்தார். அவரும் என் இரண்டு பக்கத்தை அப்படித்தான் கழித்தார்.

புத்தகத்தில் ஓரிடத்தில் அந்தப் பையன்கள் டீச்சரை மடக்குகிறார்கள்: உலோகத் தொழிலாளர்களின் ஊதிய ஒப்பந்தத்தை நீங்கள் வாசித்திருக்கிறீர்களா? அவர்களுடைய குடும்பங்கள் பிழைப்பது அந்தக் காகிதத்தை நம்பி. பள்ளியோ அதைக் கண்ணால் பார்த்ததில்லை. வாழ்க்கைத் திறன் என்று இன்று பேசப்படும் சரக்கில் ஒப்பந்தத்தை வாசிப்பது, மனு எழுதுவது, நகல் வாங்குவது எல்லாம் ஏன் அபூர்வமாகவே வருகின்றன என்று யோசித்தால், இவையெல்லாம் கேள்வி கேட்கும் திறன்கள் என்பது புரியும். பட்ஜெட் போடு, கோபத்தை அடக்கு, நேரத்தை நிர்வகி என்பவை நம்மையே திருத்திக்கொள்ளச் சொல்பவை. அவற்றால் எந்த ஆபீஸுக்கும் தொந்தரவில்லை.

புத்தகத்தின் மேல் குறையும் உண்டு. முகம் தெரியாத அந்த ஒரே டீச்சர்மேல் மொத்த நாட்டின் பாவத்தையும் இறக்குகிறார்கள். பாதிக்கு மேல் புள்ளிவிவர அட்டவணைகள் மூச்சு முட்டவைக்கும். நான் இரண்டு தடவை மூடிவைத்துவிட்டேன். ஆனால் டாக்டரின் மகன் பியரினோவையும் ஏழை வீட்டு ஜியானியையும் அருகருகே நிறுத்தும் பக்கங்களை மறக்க முடியவில்லை. பள்ளி சொல்லித்தராததை பியரினோவுக்கு வீடு சொல்லித்தந்துவிடுகிறது. ஜியானிக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் கிடையாது. 'இதையெல்லாம் ஸ்கூல்ல சொல்லித்தரணுமா, அதது அனுபவத்துல வந்துரும்' என்பவர்களைக் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் வீட்டில் ஒரு கிளார்க்கோ, வக்கீலோ, வாத்தியாரோ இருந்திருப்பார். என் வகுப்பில் சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் எழுத்தரின் மகன் ஒருவன் இருந்தான். அவனுக்குப் பத்தாவதிலேயே வில்லங்கச் சான்று என்றால் என்னவென்று தெரியும். எனக்கு அது ஏதோ வில்லங்கம் பிடித்தவனுக்குக் கொடுப்பது.

சரி, வாழ்க்கைத் திறனுக்கென்று தனிப் பாடம் வைத்தால்? தமிழ்ப் பாடநூலில் ஏற்கெனவே படிவம் நிரப்பும் பயிற்சி இருக்கிறது: நூலக உறுப்பினர் படிவம், மேல்நிலை வகுப்புச் சேர்க்கை விண்ணப்பம். குறளில் தலைப்பெடுத்து, கற்றபடி நீ எப்படி நடப்பாய் என்று கேட்கும் பகுதியும் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் கேள்வி பரீட்சைக்குள் நுழைந்த மறுநாளே கைடு அதற்கு மாதிரி விடை அச்சடித்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் காலையில் எழுந்து பெற்றோரை வணங்குகிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்த வருஷம் என்று அண்ணன் மகளைக் கேட்டேன். 2005 என்று பட்டென்று சொன்னாள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால்கூட அதை எழுத்தாக்க உதவுவது தகவல் அலுவலரின் கடமை என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்வது அவளுக்குத் தெரியாது. பாடம் இருக்கிறது, பெறுநர் இல்லை. இன்னொரு பாடம் வைத்தாலும் அதையும் அ அ அ-வே எழுதுவார்.

அவள் கடிதத்துக்கு வருகிறேன். "நம்ம தெருவுல நெஜமாவே லைட் எரியலைல்ல, இதையே அனுப்புவோமா?" என்று கேட்டேன். முதலில் சிரித்தாள். அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தெருவில் நடந்தோம். மூன்று விளக்கு அணைந்திருந்தது. கம்ப எண்களை அவளே குறித்தாள். ஒன்றில் பெயின்ட் உதிர்ந்து எண் தெரியவில்லை, 'பால் பூத்துக்கு எதிரில்' என்று எழுதினாள். பெறுநர் இடத்தில் மின்வாரியத்தை அடித்துப் பேரூராட்சி செயல் அலுவலர் என்று மாற்றினாள். மொத்தம் ஏழு வரி வந்தது. "சித்தப்பா, இதுக்கு மிஸ் ரெண்டு மார்க்தான் போடுவாங்க" என்றாள். பொதுமக்களின் அவதி ஒரு வரிகூட அதில் இல்லை. அனுப்புநர் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "எம் பேரைப் போடலாமா?"

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் போய்க் கொடுத்தோம். கவுன்டரில் இருந்தவர் வாங்கிப் படித்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். அவள் நகலை நீட்டி, "சார், இதுல சீல்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீல் போட்டுக் கொடுத்தார்.

மூன்றில் ஒரு விளக்கு இப்போது எரிகிறது, பால் பூத்துக்கு எதிரில் இருப்பது. மற்ற இரண்டுக்கும் நினைவூட்டுக் கடிதம் எப்படி எழுதுவது என்று நேற்று கேட்டாள். முந்தின மனுவின் தேதியை முதல் வரியிலேயே போடச் சொன்னேன்.