தகரம்தான் ஓட்டை, வண்டி தங்கம்

என் வண்டியில் ஏசி கிடையாது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியில் நிற்கும், டாங்க் காய்ந்தாலும் பாதிதான். எண்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது, கத்தத்தான் முடியும். 1997-ல் பிறந்த மாருதி ஜிப்சி கிங். இதைவிட நல்ல வண்டி உலகத்தில் உண்டா என்று கேட்டால், இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

நான் பணக்காரன் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். தாண்டிக்குடிக்கு அப்பால் மாமனார் வழியில் வந்த இரண்டு ஏக்கர் இருக்கிறது. காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மலைவாழை. தார் ரோடு முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் மண் தடம். சித்திரையில் அது தடம், ஐப்பசியில் ஓடை. வாடகை ஜீப்புக்கு ஒரு நடைக்கு 800 ரூபாய். அதுவும் மழை நாளில் ஜீப்காரர் போனை எடுக்க மாட்டார். எடுக்காததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. நானே அந்த வழியில் நடந்து போய் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

2021 கார்த்திகையில் ஏலச்சீட்டு எடுத்தேன். கையில் 2,50,000. அதற்கு ஒரு ரூபாய் மேலே போனாலும் வீட்டில் பேச்சுவார்த்தை முறியும் என்ற நிலை. முந்தைய ஆண்டுதான் மஹிந்திராவின் புதிய 'தார்' ஜீப் 9,80,000 ரூபாயில் ஆரம்பித்து வெளியாகியிருந்தது. ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் மனம் போனது பழைய மஹிந்திரா ஜீப் மேல். மலைக்காரர்களுக்கு ஜீப் என்றால் அதுதானே! ஒட்டன்சத்திரத்தில் ஒரு புரோக்கர் காட்டினார். சிவப்பு நிறம், பளபளவென்று. "ஃபோர் வீல் சார், கம்பியப் பாருங்க" என்று கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டிக் கம்பியைத் தட்டிக் காட்டினார். என்னோடு வந்திருந்த வத்தலக்குண்டு பாய் ஒன்றும் பேசவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்தார். முப்பது வருடமாக மலை வண்டிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். அரை நிமிடத்தில் எழுந்து வந்து, "சார், அந்தக் கம்பிய நீங்க எடுத்து வீட்ல துணி காயப் போடலாம்" என்றார்.

முன்சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் போல ஒரு உருண்டை இருக்க வேண்டும். அதுதான் முன் டிஃபரன்ஷியல். இந்த வண்டியில் இருந்தது வெறும் இரும்புத் தண்டு. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப்பை வாங்கி, கம்பி ஒன்றை ஒட்டவைத்து, ஃபோர் வீல் விலைக்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள். குனிந்து பார்க்காதவன் ஒரு லட்சம் கூடக் கொடுத்திருப்பான். நான் கொடுத்திருப்பேன். சிவப்பு எனக்குப் பிடிக்கும்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் செம்பட்டி டீக்கடையில் வைத்துத்தான் பாய் ஜிப்சியைப் பற்றிச் சொன்னார். "ஜிப்சியில ரெண்டு வீல்னு ஒரு மாடலே கம்பெனி விடல சார். எல்லாமே ஃபோர் வீலுதான்." அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்தேன். அன்று இரவிலிருந்து ஜிப்சியைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை.

1970-ல் ஜப்பானில் சுசூகி ஒரு குட்டி ஜீப் விட்டது. 359 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், பெயர் ஜிம்னி. அதன் அடுத்த தலைமுறையை நீட்டி, 970 சி.சி. எஞ்சினோடு 1985-ல் இங்கே கொண்டுவந்ததுதான் ஜிப்சி. 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்து 'கிங்' ஆனது. 2000-ல் கார்ப்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்து 80 குதிரைத்திறன் ஆனது. பெரிய மாற்றம் அவ்வளவுதான். ஏணி மாதிரி ஒரு சேஸ், நாலு மூலையிலும் ஸ்பிரிங் பட்டை, மேலே ஒரு தகரப் பெட்டி என்று மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் அதே வண்டியைச் செய்திருக்கிறார்கள். ராணுவம் ஓட்டியது, போலீஸ் ஓட்டியது, ரண்தம்போரில் புலி பார்க்கப் போகிறவர்களைச் சுமந்தது. வெறும் வண்டி ஒரு டன் எடைகூட வராது. சேற்றில் கனமான வண்டி புதையும், இது மேலே மிதந்து போகும். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஐப்பசியில் என்னோடு வரலாம்.

இதன் குட்டையான தம்பி, வெளிநாட்டில் சாமுராய் என்று விற்ற வண்டி. 2007-ல் அதில் ஒன்றைக் கொஞ்சம் மாற்றியமைத்து, சிலி நாட்டின் ஓஜோஸ் டெல் சலாடோ எரிமலையில் 6,688 மீட்டர் உயரம் வரை ஏற்றியிருக்கிறார்கள். அதுவரை எந்த நாலு சக்கர வண்டியும் தானாக அவ்வளவு உயரம் ஏறியதில்லை. இதை நான் கடையில் சொன்னபோது முதலாளி, "உங்க தோட்டம் அவ்வளவு ஒசரமாய்யா?" என்று கேட்டார். ரசனை இல்லாத மனிதர்.

சரி, வண்டி தேடிய கதைக்கு வருகிறேன். ராணுவம் கழித்துவிட்ட வண்டி ஒன்று வந்தது. விலை குறைவு, ஆனால் ஆலிவ் பச்சை நிறம் அப்படியே இருந்தது. அந்த நிறத்தை ராணுவத்தைத் தவிர வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. நிறத்தை மாற்றிவிடலாம், ஆனால் விற்றவரிடம் காகிதமும் அரைகுறையாகத்தான் இருந்தது. அடுத்தது டெல்லி வண்டி. அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்று அப்போது இருந்ததால் என்.ஓ.சி. வாங்கித் தெற்கே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல வண்டிகள் சல்லிசாகவே கிடைக்கும். ஆனால் இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றி, அலைந்து முடிப்பதற்குள் சல்லிசு காணாமல் போய்விடும்.

கோயம்புத்தூரில் பார்த்த வண்டியை மறக்கவே முடியாது. 4,25,000 சொன்னார்கள். என் பட்ஜெட்டே இல்லை, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று போனேன். ஆளுயர டயர், கூரை மேல் வரிசையாக லைட், உள்ளே சிவப்பு ரெக்ஸின். பாய் சட்டைப்பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்தார். கதவுக்குக் கீழே வைத்தார், விழுந்தது. சக்கர வளைவில் வைத்தார், விழுந்தது. அத்தனையும் பட்டி! துருவை மூடிப் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். வண்டியை விற்கிற பையன் அந்தக் காந்தத்தை முறைத்த முறை இருக்கிறதே!

கடைசியில் பொள்ளாச்சி. ஒரு தென்னந்தோப்புக்காரர், தேங்காய் ஏற்ற வைத்திருந்த வண்டி. பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புக்கில் போட்டிருந்தது, அதை நம்பித்தான் ஆக வேண்டும். ஹூட் கிழிந்து தொங்கியது. பின்பக்கத் தரையில் ஓட்டை வழியாகப் புல் தெரிந்தது. ஒரு கோழி இறங்கிப் போனது.

"பாத்துக்கோங்க, நானு ஒண்ணும் மறைக்கலீங்க. ஆனா மாசம் ஒருக்கா அடியில ஆயில் அடிச்சுருவனுங்க" என்றார் அவர்.

பாய் அடியில் படுத்தார். இந்த முறை அரை நிமிடமில்லை, இருபது நிமிடம். சுத்தியலால் சேஸை நெடுக டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். பின்பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் மட்டும் மூன்று முறை தட்டினார், அங்கேதான் முதலில் துரு தின்னும் என்பார். சேஸ் நம்பரைத் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார். எஞ்சின் நம்பரையும் பார்த்தோம். எஸ்டீம் காரின் எஞ்சின் இதன் எஞ்சினுக்குச் சொந்தக்காரன் என்பதால் பலர் அதைத் தூக்கி மாட்டிவிடுவார்கள். ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் ஆர்.சி.யில் பதியாமல் மாட்டியிருந்தால் எஃப்.சி. அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் நாம்தான் கையைப் பிசைய வேண்டும். அப்புறம் தோப்புக்குள் பாத்தி வெட்டிய ஈர மண்ணில் இறக்கி, லோ கியர் போட்டு, நாலு சக்கரமும் மண்ணைப் பிடிக்கிறதா என்று பார்த்தார். பிடித்தது.

வெளியே வந்து என்னைத் தனியாக அழைத்தார். "மேல தகரம் சார், அது என் கையில இருக்கு. அடியில இருக்கறது ஆண்டவன் கையில. அது நல்லா இருக்கு, வாங்கிருங்க."

2,10,000 சொன்னார் தோப்புக்காரர். தரை ஓட்டையையும் ஹூட்டையும் ஸ்டீயரிங் ஆட்டத்தையும் காட்டிக் காட்டி 1,72,000-க்குக் கொண்டுவந்தேன். நான் ஜவுளிக்கடைக்காரன், பேரம் பேசுவதை மட்டும் பாயிடம் விடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், விலையைக் குறைத்த மூன்று குறையுமே செலவு குறைந்தவை. சேஸ் போயிருந்தால்தான் வண்டியே போயிற்று. காசு குறைவாக இருப்பவனுக்கு அசிங்கமான வண்டி மாதிரி ஒரு வரம் கிடையாது!

பொள்ளாச்சியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். உடுமலை தாண்டி அறுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் பிசாசு பிடித்த மாதிரி ஆடியது. ஓரம் கட்டிவிட்டேன், கால் நடுங்கியது. பின்னால் வந்த பாய் சிரித்துக்கொண்டே, "கிங் பின் பேரிங் சார். ஜிப்சிக்கு இது ஜலதோஷம் மாதிரி" என்றார். ஐம்பதிலேயே உருட்டி வத்தலக்குண்டு வந்து சேர்ந்தோம்.

பட்டறைக் கணக்கு நோட்டில் இன்னும் இருக்கிறது. கிங் பின் பேரிங், சீல், டை ராடு எண்ட் எல்லாம் சேர்த்து 11,000. தரைக்குத் தகடு வெட்டி வெல்டிங் 14,000. ஹூட் 9,500. டயர் நாலு 22,000. கிளட்ச் பிளேட், கார்ப்பரேட்டர், ஆயில் வகையறா 13,000. பேர் மாற்ற 4,000. மொத்தம் வண்டியோடு 2,45,500. மீதி 4,500-ஐ வீட்டில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தேன். இழுவைக் கயிறு வாங்கிவிட்டேன்.

முதல் மழையில் மேலே போனேன். சித்தரேவு, பெரும்பாறை தாண்டித் தாண்டிக்குடி வரை தார் ரோட்டில் சாதாரண இரண்டு சக்கர இழுவைதான். காய்ந்த தாரில் ஃபோர் வீல் போடவே கூடாது. இதில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கதியில் பூட்டிக்கொள்ளும், வளைவில் விட்டுக்கொடுக்க நடுவில் ஒன்றும் கிடையாது, பல் சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு உடையும். தார் முடிந்த இடத்தில் நிறுத்தினேன். செந்நிறத்தில் தண்ணீர் தடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. குட்டிக் கம்பியை இழுத்தேன். ஹையில் 1.409 ஆக இருக்கும் பல் விகிதம் லோவில் 2.268. புத்தகத்தில் படித்தபோது வெறும் எண். கிளட்சை விட்டதும்தான் அர்த்தம் புரிந்தது.

ஆக்சிலேட்டரை நான் மிதிக்கவே இல்லை. மாடு ஏறுகிற மாதிரி ஏறியது. அவசரமில்லாமல், ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து, நடக்கிற வேகத்தில். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது மற்றவை பார்த்துக்கொண்டன. வாடகை ஜீப்பில் கண்ணை மூடிக்கொண்டு போன அந்த வழுக்குப் பாறைத் திருப்பத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். நாற்பத்தாறு வயதில், தனியாக, மழையில். என் மனைவி இதைப் படிக்கக் கூடாது: எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர், மலையில் ஏழு. அதனால் கடைக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது. என் வண்டியின் தவணை சரியாக அந்த ஜூனில் வந்து நின்றது. பட்டைகளின் புண்ணியத்தில் முதுகு எந்த ஊர்ப் பள்ளத்தையும் மறப்பதில்லை. பின்னால் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து வந்த என் மைத்துனர் வீட்டுக்கு வந்ததும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மழைதான் இன்னும் தீராத சங்கதி. புது ஹூட்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு இடைவெளி. பாய் ரப்பர் வைத்தார், ஃபோம் வைத்தார், சைக்கிள் டியூபை வெட்டிக்கூட ஒட்டிப் பார்த்தார். எங்கே அடைத்தாலும் தண்ணீர் சுற்றி வந்து என் வலது முழங்காலில் சொட்டுகிறது. அந்த ஒரு முழங்காலுக்கு மட்டும் எங்கள் கடைப் பட்டுப்புடவை பாலித்தீன் கவர் ஒன்று, ரப்பர் பேண்டோடு டேஷ்போர்டில் எப்போதும் இருக்கும்.