எழுப்புதலும் ஒப்புரவும்: ஹெர்ன்ஹூட் வரலாற்றை மீண்டும் நோக்குதல்

நலிவுற்ற சபையை உயிர்ப்பிக்கும் வழி யாது என்னும் வினா எழும்போதெல்லாம், நம் கன்வென்ஷன் பந்தல்களிலும் உபவாச ஜெபக் கூட்டங்களிலும் எடுத்துரைக்கப்படும் வரலாறு ஒன்றுண்டு. ஜெர்மனியின் சாக்சனி நாட்டிலுள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரின் மக்கள் 1727 ஆகஸ்டு 13ஆம் நாள், அருகிலுள்ள பெர்தல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் திருவிருந்துக்குக் கூடியபோது தூய ஆவியானவரின் வல்லமையை உணர்ந்தனர். அதே மாதம் 27ஆம் நாள் 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தமக்குள் பகிர்ந்துகொண்டு இடைவிடா மன்றாட்டைத் தொடங்கினர். அது நூறாண்டுகள் நீடித்தது என்பது மரபு. 1732இல் அச்சபையிலிருந்து லெயோனார்டு டோபரும் டாவித் நிட்ச்மனும் மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் தாமஸுக்கு அருட்பணியாளராகப் புறப்பட்டனர். இவ்வளவும் கூறிய பிரசங்கியார், ‘ஆகவே நாமும் சங்கிலி ஜெபத்தைத் தொடங்குவோம்’ என்று முடிப்பது வழக்கம்.

இவற்றுள் பிழையான செய்தி எதுவுமில்லை. ஆயினும் வரலாறு தொடங்கவேண்டிய இடத்தில் தொடங்கவில்லை என்பதே நம் குறை. ஆகஸ்டு மாதத்தை நினைவுகூரும் நாம் மே மாதத்தை மறந்துவிடுகிறோம். இம்மறதியால் விளையும் கேடு சிறிதன்று.

பிளவுண்ட சபை

மொராவியாவில் சமயத் துன்பத்துக்கு ஆளாகி ஓடிவந்தோர், 1722இல் கிறிஸ்தியான் டாவித் என்னும் தச்சரின் தலைமையில், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறினர். ஐந்தாண்டுகளுக்குள் அங்கு ஏறத்தாழ 300 பேர் வாழ்ந்தனர். மொரேவியருடன் லூத்தரன்கள், சீர்திருத்தச் சபையார், ஷ்வெங்க்ஃபெல்டின் வழிவந்தோர் எனப் பலரும் அங்கிருந்தனர். துன்பத்தில் ஒன்றுபட்டவர்கள் பாதுகாப்பு கிடைத்தபின் பிரிந்தனர். ஆலய ஆராதனை முறை பற்றியும், ரோத்தே என்னும் குருவானவரின் அதிகாரம் பற்றியும் சச்சரவுகள் மூண்டன. கிரூகர் என்பவரின் தீவிரப் போதனை அத்தீயை மேலும் வளர்த்தது. ஊரை நிறுவிய கிறிஸ்தியான் டாவித்தும் சிலகாலம் பிரிவினையாளர் பக்கம் சாய்ந்தார். இவர்களில் ஜெபிக்காதவர் எவருமிலர் என்பது நம் ஆயர்கள் சிந்திக்கவேண்டிய செய்தி. அனைவரும் ஊக்கமாய் ஜெபித்தனர்; ஆனால் தனித்தனியே ஜெபித்தனர்.

மே 12ஆம் நாள்

1727ஆம் ஆண்டின் இளவேனிற்காலத்தில் சின்சென்டார்ஃப், டிரெஸ்டன் நகரிலிருந்த தம் அரசுப்பணியினின்று விடுப்புப் பெற்று ஹெர்ன்ஹூட்டில் வந்து தங்கினார். அவர் முதலில் எழுப்புதல் கூட்டம் எதையும் கூட்டவில்லை. வீடுவீடாகச் சென்றார், மனக்கசப்புற்றோரிடம் அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டார். அதன் பயனாக மே 12ஆம் நாள் ஊரார் அனைவரும் கூடி, பொதுவாழ்வுக்குரிய விதிகளையும் சகோதர உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டனர். ஹெர்ன்ஹூட்டில் குடியமர்ந்தோர் பண்ணையடிமைத்தனத்தினின்று என்றும் விடுபட்டவர்கள் என்பது அவ்விதிகளுள் ஒன்று. நிலவுடைமையாளர் தம் உரிமையை விட்டுக்கொடுத்த இடத்தில்தான் அவ்வூரின் ஒப்புரவு தொடங்கிற்று எனலாம்.

பன்னிரு மூப்பர்கள் தெரிந்துகொள்ளப்பட்டனர். நோயாளிகளைச் சந்திப்போர், ஏழைகளுக்கு உதவி வழங்குவோர், தவறுவோரை அன்புடன் எச்சரிப்போர் எனப் பணிகள் பகிரப்பட்டன. ஒருவருக்கொருவர் குறைகளை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் மன்றாடும் சிறு குழுக்கள் அவ்வாண்டின் கோடையில் தோன்றின. 1730இல் அன்னா நிட்ச்மன் என்னும் 14 வயதுப் பெண் சீட்டினால் பெண்களின் தலைமை மூப்பராகத் தெரிந்துகொள்ளப்பட்டாள் என்பது, அச்சபை பிறப்பையும் வயதையும் எவ்வாறு மதித்தது என்பதற்குச் சான்றாகும். 1738இல் ஹெர்ன்ஹூட்டுக்குச் சென்ற ஜான் வெஸ்லியையும் இச்சிறு குழுக்களின் ஒழுங்கு பெரிதும் கவர்ந்தது.

ஆகஸ்டு மாதத்துத் திருவிருந்து இவ்வளவுக்கும் பின்னரே நிகழ்ந்தது. மூன்று மாதங்களாக மன்னிப்புக் கேட்டும் கொடுத்தும் வந்தவர்களே அன்று ஒரே அப்பத்தில் பங்குபெற்றனர். ஆவியானவரின் செயலை மனித முயற்சியின் கூலி என்று நாம் கூறவில்லை, அருள் அருளே. ஆயினும் பலிபீடத்தண்டை வரும்போது சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் முதலில் போய் ஒப்புரவாகுமாறு ஆண்டவர் பணித்த ஒழுங்கு (மத். 5:23, 24) அங்கே கைக்கொள்ளப்பட்டது. யாக்கோபு தம் நிருபத்தில் (5:16) குற்றங்களை அறிக்கையிடுதலை முதலிலும் மன்றாட்டை அதனை அடுத்தும் வைத்ததும் இவ்வொழுங்கேயன்றோ? எனவே மணிக்கொருவராக நிகழ்ந்த அம்மன்றாட்டு, ஒப்புரவான சபை தன் ஒப்புரவைக் காத்துக்கொண்ட வழியாகும். ஒப்புரவுக்குப் பதிலாக அது வைக்கப்படவில்லை.

‘ஒருவரையொருவர்’ என்பதில் அடங்குவோர் யார்?

இவ்வளவு கூறியபின், ஹெர்ன்ஹூட்டைக் குறையற்ற முன்மாதிரியாக நாட்டுதலும் தகாது. செயின்ட் தாமஸ் தீவுக்குச் சென்ற அருட்பணியாளர்கள் அங்குள்ள அடிமைகளைச் சகோதரர் என்று அழைத்தனர். அவர்களையும் சிறு குழுக்களில் சேர்த்தனர். ஆனால் அதே பதின்ம ஆண்டுக்குள் அப்பணித்தளம் தோட்டமொன்றை அடிமைகளுடன் விலைக்கு வாங்கிற்று. 1739இல் அத்தீவுக்கு வந்த சின்சென்டார்ஃப், அடிமைநிலை இறைவனால் நியமிக்கப்பட்டது என்று அவர்களுக்குப் போதித்தார். ஜெபக்குழுவில் சகோதரன், தோட்டத்தில் உடைமை! ஹெர்ன்ஹூட்டின் இடைவிடா மன்றாட்டு அந்நாள்களிலும் நடந்துகொண்டேயிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. தன் ஊரில் அடிமைத்தனத்தை நீக்கிய சபை, கடல் கடந்து அதனைத் தாங்கிற்று. ஒருவரையொருவர் தாங்கும் வட்டத்தை எங்கே முடித்துக்கொள்கிறோமோ, அங்கேயே நம் ஜெபத்தின் பார்வையும் மங்கிவிடுகிறது.

இக்குறை அயலாருக்கு மட்டும் உரியதன்று. சின்சென்டார்ஃப் ஹாலே நகரில் மாணவராயிருந்த நாள்களில் தரங்கம்பாடி அருட்பணியின் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். 1760இல் மொரேவிய சகோதரர்களும் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினர். அத்தரங்கம்பாடியின் ஆலயத்திலேயே விசுவாசிகள் சாதி வாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை ஒழியவேண்டுமென்று கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகவும் துணிந்தனர். அவர்களும் ஜெபிக்கிறவர்களே, அவர்களுள் இனிய கீர்த்தனைகள் இயற்றியோரும் இருந்தனர்.

நம் சேகரங்களுக்கு

நம் சேகரங்கள் பலவற்றில் நலிவுக்குக் காரணம் ஜெபக்குறைவு மட்டுமா என்று ஆராய்வோம். சேகர மன்றத் தேர்தலில் தோன்றிய பகை ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. வழக்கு மன்றத்தில் எதிரெதிர் நிற்போர் ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்காற்படியிடுகின்றனர். கடனில் மூழ்கிய குடும்பம் வெட்கத்தால் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறது. ஏன் வரவில்லை என்று விசாரிப்பார் இல்லை. இந்நிலையில் 24 மணி நேரச் சங்கிலி ஜெபத்துக்குப் பெயர்ப் பட்டியல் எழுதி ஆலய வாயிலில் ஒட்டுவது எளிது. பட்டியலில் அடுத்தடுத்து வரும் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதை அறிந்தும் ஒட்டுவது, சுவர் எழுப்பாமல் கூரை வேய்வதற்கு ஒப்பாகும்.

ஜெபத்தைக் குறைத்து மதிப்பிட நாம் இதனை எழுதவில்லை. ஜெபத்தை அதற்குரிய பந்தியில் அமர்த்தவே எழுதுகிறோம். ஆகவே எழுப்புதலை நாடும் உடன் ஊழியரும் குருத்துவ மாணவரும் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்கள் மூன்று. இவ்வாண்டில் நாம் எத்தனை வீடுகளில், போதிக்காமல், கேட்பதற்காக மட்டும் அமர்ந்தோம்? ஒப்புரவுக்காக நம் உரிமைகளுள் எதனை விட்டுக்கொடுத்தோம்? நம் ஜெபக்குழுவில் அமர்வோர் நம் பந்தியிலும் நம் வீட்டிலும் அமர்கின்றனரா?

மூன்றாம் வினாவுக்கு விடை கூறுவதே மிகக் கடினம். ஹெர்ன்ஹூட் தவறியதும் அவ்வினாவில்தான். முதலிரண்டில் அச்சபை நமக்கு ஆசான். மூன்றாவதில் அதன் வீழ்ச்சி நமக்கு எச்சரிக்கை. இரண்டையும் சேர்த்துப் பிரசங்கிக்கும் நாளில் அவ்வரலாறு நம் சபைகளுக்கு மெய்யான பயன் தரும். ஆகஸ்டு 13ஐ விரும்பும் நாம் மே 12இல் தொடங்குவோமாக.